சோதிலிங்கத்தின் உப்பில்லாச் சோறு

அத்தியாயம் 5

ஒஸ்லோவின் புருசெத்தில் ஒரு மனுசன் தினமும் பின்னேரம் வெறுங்கையோடு வெளியே போனால் அது உடற்பயிற்சி. கையில் சோற்றுச் சட்டியோடு போனால் அது விசயம்.

சோதிலிங்கம் சட்டியோடு போகிறவர். கடைசி அடுக்குமாடியின் கீழ்த்தள வீட்டிலிருந்து, வெளிச்சம் மங்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் கிளம்புவார். காதை மூடும் கம்பளித் தொப்பி, மகன் வேண்டாம் என்று விட்டுப்போன சாம்பல் நிறப் பனி ஜாக்கெட், கையில் துணிப்பை, பைக்குள் மூடி போட்ட சில்வர் சட்டி. பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேட்டைக் கடந்து, தெருவிளக்குகள் முடிகிற இடத்தில் மறைந்துபோவார். திரும்பி வரும்போது பை இலேசாக ஆடும். முகத்தில் ஒரு திருப்தி இருக்கும்.

அந்தத் திருப்திதான் அயலுக்குப் பொறுக்கவில்லை. கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுசனுக்குத் தை மாதக் குளிரில் அப்படி என்ன திருப்தி? பக்கத்து ட்வெய்ட்டாவில் ஒரு விதவை என்று முதலாம் மாடி சொன்னது. விதவை இல்லை, விவாகரத்தானவர் என்று நாலாம் மாடி திருத்தியது. அவர் நடப்பது காட்டுப் பக்கம், ட்வெய்ட்டா இருப்பது மற்றப் பக்கம் என்பதை எந்த மாடியும் பொருட்படுத்தவில்லை.

இது இப்படியே இனிமையாகப் போயிருக்கும். ஆனால் போன கிழமை லோறன்ஸின் நாய் செத்துப்போனது.

லோறன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வட நோர்வேயின் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி இளமையைக் கழித்தவர். அங்கே கூட வேலை செய்த நோர்வேக்காரர்களிடம் துவக்குப் பிடிக்கப் பழகி, வேட்டைப் பரீட்சையும் எழுதித் தேறி, புருசெத்தின் முதல் தமிழ் வேட்டைக்காரர் ஆனவர். அந்தப் பட்டத்துக்கு இதுவரை வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. கலியாண வீட்டுக்கும் செம்மஞ்சள் தொப்பியோடுதான் வருவார். அவரோடு வேட்டைக்குப் போகும் நாய் பெல்லா. பெல்லாவின் உடல் காட்டோரப் பனியில் கிடந்தது. முழுதாகக் கிடக்கவில்லை. சுற்றிலும் ஓநாய்த் தடம்.

அன்றிலிருந்து பின்னேரங்கள் மாறிப்போயின. சறுக்கு மேட்டில் ஒரு பிள்ளை இல்லை. நாய் வைத்திருந்தவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். லிப்டில் ஏறும்போது ஒன்றாக இருந்த ஓநாய் இறங்கும்போது மூன்றானது. குடியிருப்பாளர் கூட்டத்தில் பாதிப்பேர் சுடவேண்டும் என்றார்கள், மறுபாதிப்பேர் காடு அதனுடையது என்றார்கள். ஊரில் தெருநாயைக் கல்லெடுத்துத் துரத்திய சிலர் எழுந்து நின்று ஓநாயின் உரிமையை நல்ல நோர்வேஜிய மொழியில் விளக்கினார்கள். "அது எங்களுக்கு முதல் இஞ்சை இருந்தது. பேந்து வந்து வீடு கட்டினது நாங்கள்" என்று சொல்லிப் பெரிய கைதட்டு வாங்கியவள் கஜேந்தினி.

அந்தக் கஜேந்தினியின் முன்னால்தான் இன்று மத்தியானம் சோதிலிங்கத்தின் மனைவி மங்களேஸ்வரி வந்து உட்கார்ந்திருந்தார்.

ட்வெய்ட்டா கடைத்தொகுதிக்குப் பின்னால், சலூன் ஒன்றின் மேலே ஒற்றை அறை. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய் முறைப்பாடுகளைக் கண்டுபிடித்து அலுத்துப்போன கஜேந்தினி சொந்தமாகத் திறந்த துப்பறியும் நிலையம் அது. உதவியாளன் டெனிஸ், மன்னார்க்காரன். காலையில் நகரப் பேருந்து ஓட்டுவான். மிச்ச நேரம் வாயை ஓட்டுவான்.

"பிள்ளை, இவர் எங்கை போறார் எண்டு எனக்குத் தெரியவேணும்," என்றார் மங்களேஸ்வரி.

"எங்கை எண்டோ, ஆரிட்டை எண்டோ?" டெனிஸ் கேட்டான்.

"ஆரிட்டை எண்டாலும் போகட்டும் தம்பி. இருக்கிறவள் நல்லா இருக்கட்டும். எனக்கு இப்ப அது பயமில்லை." அவர் கையுறைகளைக் கழற்றாமலே முறுக்கினார். "சுடுறதுக்கு இண்டைக்கு அனுமதி வந்திட்டுதாம். லோறன்ஸ் ஆக்கள் இருட்டுக்கு முதல் காட்டுக்குள்ளை இறங்கீனமாம். இவர் போடுறது சாம்பல் ஜாக்கெட். ஓநாய் விட்டாலும் வெடி விடாது பிள்ளை."

"நீங்கள் மறிக்கேல்லையோ அக்கா?" என்றாள் கஜேந்தினி.

"மறிச்சனான். நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னவராம். சட்டியோடை நடக்கச் சொன்னவரோ எண்டு கேட்டன். தொப்பியை இழுத்துக் காதை மூடியிட்டார். நான் இஞ்சை வர வெளிக்கிடேக்கை குசினியிலை சோறு காய்ச்சிக்கொண்டு நிண்டவர்."

"அவர் சமைக்கிறவரோ?"

"கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து ஒரு தேத்தண்ணி ஊத்தினதில்லை. இப்ப தானே காய்ச்சுறார். என்னை மூடி திறக்க விடுறேல்லை."

டெனிஸ் மெதுவாக விசிலடித்தான். "அக்கா, ஆம்பிளை தானாச் சமைக்கத் தொடங்கினால் விசயம் முத்திப்போச்சு."

கஜேந்தினி கோட்டை எடுத்தாள். "காரை எடு."

அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சோதிலிங்கம் கிளம்பியிருந்தார். கைபேசி மட்டும் அலமாரியின் மேல் மின் ஏறிக்கொண்டு கிடந்தது. அவரைக் கூப்பிட வழியில்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் ஏற்கனவே ஈயச் சட்டியின் அடிபோல இருந்தது.

குசினியில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. அடுப்பின் மேல் ஒரு பானை மட்டும் கழுவாமல் நின்றது. அடியில் குழைந்த சோறு ஒட்டியிருந்தது. டெனிஸ் ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தான். முகம் கோணியது.

"உப்பில்லை. உறைப்பில்லை. வெங்காயம் கூட இல்லை. மீன் வாசம் மட்டும் இருக்கு." விரலைத் துடைத்தான். "கேஸ் முடிஞ்சுது அக்கா. ஆள் நோர்வேக்காரி."

மங்களேஸ்வரி கதிரையில் பொத்தென்று இருந்தார். "நோர்வேக்காரியோ?"

"நோர்வேக்காரி உருளைக்கிழங்குக்கே உப்புப் போடுவாள்," என்றாள் கஜேந்தினி. "உப்பில்லாமல் மீன் சாப்பிடுற மனுசரை நீ எங்கை கண்டனி?"

"பிறசர் வருத்தக்காரர்."

"பிறசர்காரருக்கு இதை ஆர் குடுப்பினம்?" அவள் உறைபெட்டியின் கீழ்த்தட்டை இழுத்தாள். பொலித்தீன் பைக்குள் பெரிய கொட் மீன் தலைகள் அடுக்கடுக்காக வாய் பிளந்து கிடந்தன.

"ஐயோ, இது நான் வாங்கிறேல்லை. அந்தக் கண்ணை என்னாலை பாக்கேலாது," என்றார் மங்களேஸ்வரி.

"மங்களம் அக்கா, ஒண்டு கேக்கிறன். ஊரிலை உங்கடை வீட்டிலை மீன் தலை போட்டு, உப்புப் புளி இல்லாமல், ஆருக்குச் சோறு காய்ச்சினவை?"

மங்களேஸ்வரிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"நாய்க்கு."

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது போலிருந்தது. முகம் மெல்ல மெல்ல இளகியது. இந்தக் குளிர்காலம் முழுக்க நெஞ்சில் ஏறியிருந்த அந்த விதவையும் விவாகரத்தானவரும் சேர்ந்து இறங்கிப்போனார்கள்.

"ஆரோ விட்டிட்டுப் போன நாயாக்கும். ஊரிலையும் இந்த மனுசன் உப்பிடித்தான், தான் தின்னுறதிலை பாதியைப் படலையடியிலை வைப்பார். எனக்குச் சொன்னால் என்ன, நான் கறுமுறு எண்டு கடிச்சே போடுவன்?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நீங்கள் ஓடிப்போய் வெடிக்காரருக்கு முதல் ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளை. வந்து சாப்பிட்டிட்டுத்தான் போறது. நான் சமைச்சு வைக்கிறன்."

வெளிக்கதவு சாத்தும் வரை கஜேந்தினி சிரித்த முகத்தோடு இருந்தாள். வெளியே வந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"என்ன அக்கா? நல்ல முடிவுதானே. நாய்."

"டெனிஸ், நீ எத்தினை வருசம் இஞ்சை பஸ் ஓட்டுறாய்?"

"கனகாலம்."

"ஒரு நாளாவது ஒரு தெருநாய் உன்ரை பஸ்ஸுக்குக் குறுக்கை வந்ததோ?"

டெனிஸ் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இந்த நாட்டில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பெயரும் ஒரு கயிறும் கயிற்றின் மற்ற முனையில் ஒரு மனுசனும் உண்டு. ஒருவருக்கும் சொந்தமில்லாத நாய் என்று ஒன்று கிடையாது. காட்டுக்கரையில் கழுத்துப்பட்டி இல்லாமல் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றால், நோர்வேக்காரர் அதற்கு வேறு பெயர் சொல்லுவார். வாசலில் நாய் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர் மட்டும்தான் அதற்குச் சோறு வைப்பார்.

"மங்களம் அக்காவுக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னால் அவவும் எங்களோடை ஓடிவருவா. வீட்டுக்குள்ளை இருக்கட்டும்."

அது அப்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் செம்மஞ்சள் தொப்பி. லோறன்ஸ் துவக்கைத் தோளில் மாட்டியபடி ரேடியோவைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார்.

"கூட்டத்திலை நல்லாக் கதைச்சனி தங்கச்சி," என்றார், முகம் பார்க்காமல். "கை தட்டினதெல்லாம் ஏழாம் மாடியும் எட்டாம் மாடியும். கீழ்த்தளத்திலை ஒருத்தரும் தட்டேல்லை, கவனிச்சனியோ?"

"அண்ணை, ஒரு நாய்க்காக ஒரு காட்டு மிருகத்தை..."

"பெல்லாவுக்காக எண்டு நினைக்கிறாய். அவள் படுத்த இடத்தை மனிசி இன்னும் கூட்டேல்லை, அது வேறை கதை. காட்டுக்குள்ளை போன நாய்க்கு என்னவும் நடக்கும். அதுக்காக அனுமதியும் தரமாட்டாங்கள்." அவர் பனியைக் காட்டினார். "தடத்தைப் பார். இடது முன்கால் இழுபடுது, நொண்டி. மார்கழியிலை இந்தத் தடம் மேட்டுக்கு அங்காலை. பேந்து மேட்டிலை. போன கிழமை உங்கடை மாடிச் சுவரடியிலை. ஓநாய் எண்டது மனுச வாசம் பட்டால் ஒதுங்கிற சாதி. இது நாளுக்கு நாள் கிட்ட வருது. ஏன் எண்டு எனக்கு விளங்கேல்லை. விளங்காததுக்குத்தான் நான் பயம்."

"சோதிலிங்கம் அண்ணை உள்ளை நிக்கிறார்," என்றாள் கஜேந்தினி.

லோறன்ஸின் கை ரேடியோவில் நின்றது. உடனே அதை வாயருகே கொண்டுபோய், காட்டுக்குள் ஆள் நிற்பதாகவும் ஒருவரும் சுடவேண்டாம் என்றும் நோர்வேஜிய மொழியில் சொன்னார். இரைச்சலுக்குள் ஒரு குரல் பதில் சொன்னது. இன்னொரு குரல் வரவே இல்லை.

"மற்றவன் பள்ளத்துக்கை நிக்கிறான் போலை. அங்கை ரேடியோ எடாது." அவர் குரல் இறங்கியது. "கெதியாப் போங்கோ. இருட்டிச்செண்டால் சாம்பல் நிறமெல்லாம் ஒண்டுதான். நான் இஞ்சாலை சறுக்கு மேட்டடியிலை நிக்கிறன். போன் எடுங்கோ."

டெனிஸ் பேருந்துக்காரர் போடும் மஞ்சள் மின்னும் மேலங்கியை ஜாக்கெட்டுக்கு மேல் மாட்டிக்கொண்டான். "என்னை ஆரும் ஓநாய் எண்டு சுட்டால் கண் டொக்டரிட்டை அனுப்புங்கோ," என்றான். கஜேந்தினி சிரிக்கவில்லை.

சோதிலிங்கத்தின் சப்பாத்துத் தடம் பாதையை விட்டு விலகி, ஊசியிலை மரங்களுக்குள் நேராகப் போனது. தினம் போன தடம், ஒற்றையடிப் பாதை போலவே இறுகிக் கிடந்தது. ஒரு சத்தமில்லை. கிளையிலிருந்து பனி விழும்போது மட்டும் யாரோ மூச்சு விட்டதுபோல இருந்தது.

கஜேந்தினி குனிந்தாள். "இதைப் பார். இது அவர் நேற்று வீட்டுக்குத் திரும்பின தடம். முன்பக்கம் மாடியைப் பாக்குது."

"ஓம்."

"அதுக்கு மேலை என்ன?"

சப்பாத்துத் தடத்தின் நடுவே, அதை அழுத்திக்கொண்டு, ஒரு பெரிய பாதம். அடுத்த சப்பாத்திலும் ஒன்று. அதற்கடுத்ததிலும். ஒன்றுவிட்டு ஒன்று பனியில் கோடாக இழுபட்டிருந்தது.

டெனிஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான். "சட்டி வெறுமையான பிறகும் பின்னாலை போயிருக்கு."

"வீடு மட்டும் கொண்டுபோய் விட்டிருக்கு," என்றாள் கஜேந்தினி. அவர் ஒரு நாளாவது திரும்பிப் பார்த்தாரா என்பதை யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். உலோகத்தில் உலோகம்.

மரங்கள் விலகிய இடத்தில் ஒரு பாறை. பாறையில் சோதிலிங்கம். மடியில் சில்வர் சட்டி, கையில் ஒரு அகப்பை. மாடியின் விளக்குகள் மரங்களுக்கிடையே தெரியும் தூரம்தான். அவர் இவர்களைக் கண்டு திடுக்கிடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பெடியனைப் போல அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார்.

"மங்களம் அனுப்பினவளோ?"

"ஓம் அண்ணை. வெடிக்காரர் இறங்கியிட்டினம். எழும்புங்கோ."

"அது இண்டைக்கு இன்னும் வரேல்லை."

"அண்ணை, அது நாய் இல்லை," என்றான் டெனிஸ்.

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"ரெண்டாம் நாள். முதல் நாள் நாய் எண்டு நினைச்சுத்தான் பாண் போட்டனான். அடுத்த நாள் குலைக்கும் எண்டு பாத்தன். குலைக்கேல்லை. வாலும் ஆட்டேல்லை. நிண்டு பாத்துது." சோதிலிங்கம் சட்டியின் மூடியைத் தடவினார். "கால் ஏலாது அதுக்கு. வேட்டையாடேலாது. வந்து நிக்கிறதைப் போ எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"பெல்லா?" என்றாள் கஜேந்தினி.

அவர் தலை குனிந்தார். "அவள் கயிறில்லாமல் ஓடிவந்து சட்டிக்கை வாய் வைச்சாள். நான் அகப்பையாலை எறிஞ்சன், கத்தினன். கண் மூடித் திறக்கிற நேரம், அது பாஞ்சிட்டுது. லோறன்ஸின்ரை முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

டெனிஸ் அவரது கையைப் பிடித்து எழுப்பினான். "அதைப் பிறகு கதைப்பம். நடவுங்கோ."

"ஏன் வரேல்லை எண்டுதான் விளங்கேல்லை," என்று சோதிலிங்கம் தனக்குத்தானே சொன்னார். "தட்டினால் எங்கை நிண்டாலும் வருமே."

கஜேந்தினி நின்றுவிட்டாள்.

"எதைத் தட்டினால்?"

"சட்டியைத்தான். அகப்பையாலை விளிம்பிலை தட்டுவன். அந்தச் சத்தம் கேட்டால் சோறு எண்டு அதுக்குத் தெரியும்."

கீழே மாடியில் குசினி விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. வேலையால் வந்தவர்கள் உலை வைக்கும் நேரம். கறியைக் கிண்டிய அகப்பையைச் சட்டி விளிம்பில் தட்டாமல் வைக்கிற தமிழ்க் கை ஒன்று உலகத்தில் இருக்கிறதா? கறி வாசம் கோட்டில் ஏறிவிடும் என்று, எந்தக் குளிரிலும் வெரண்டாக் கதவைத் திறந்துவைக்காத தமிழ்க் குசினி இந்த ஒஸ்லோவில் இருக்கிறதா? அந்த மாடியில் பாதி தமிழ்க் குசினி. லோறன்ஸுக்கு விளங்காத தடம் கஜேந்தினிக்கு விளங்கியது. அது மனுசரைத் தேடி வரவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் அதைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் கையுறையைப் பல்லால் கழற்றி மங்களேஸ்வரியை அழைத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"எல்லாம் ஆயத்தம் பிள்ளை," என்றது உற்சாகமான குரல். "ஆளைப் பிடிச்சாச்சோ?" பின்னால் தெளிவாகக் கேட்டது. டொக், டொக், டொக்.

"அக்கா, வெரண்டாக் கதவு திறந்திருக்கோ?"

"ஓம், வாசம் போகவேணுமெல்லோ."

"அகப்பையைத் தட்டாதேங்கோ. கதவைச் சாத்துங்கோ."

"ஏன் பிள்ளை? இஞ்சை பாருங்கோ, இவற்றை நாய் வீட்டை தேடி வந்திட்டுது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிக்குது, பாவம். கழுத்திலை ஒரு பட்டி கூட இல்லை. சட்டியோடை வெளியிலை கொண்டு வந்தனான்."

"அக்கா, அது நாய் இல்லை. உள்ளை போங்கோ."

மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு குரல் வந்தபோது அது வேறு குரலாக இருந்தது.

"அது சுத்திக்கொண்டு வந்து எனக்கும் கதவுக்கும் நடுவிலை நிக்குது."

சோதிலிங்கம் கைபேசியை நோக்கிக் கையை நீட்டினார்.

டெனிஸ் தன் கைபேசியில் லோறன்ஸைப் பிடித்திருந்தான். லோறன்ஸின் குரல் கிசுகிசுத்தது. "தெரியுது. துவக்கின்ரை தூரக்கண்ணாடிக்குள்ளை தெளிவாத் தெரியுது. சுடேலாது. அதுக்கு முன்னாலை மங்களம், பின்னாலை சுவரும் வெளிச்சம் போட்ட ஜன்னலும். மேட்டுப் பக்கம் வந்தால் பின்னுக்கு மண் இருக்கு, அப்ப ஏலும். ஓடிப்போய்க் கலைச்சால் பயந்து எந்தப் பக்கம் பாயும் எண்டு சொல்லேலாது."

"கிட்ட வருது," என்றார் மங்களேஸ்வரி. "சட்டியை மணந்து பாக்குது."

கஜேந்தினி சோதிலிங்கத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் அத்தனை அழகாக வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அவளுக்கு உதவிக்கு வரவில்லை.

"தட்டுங்கோ அண்ணை."

"தட்டினால் வரும்."

"ஓம்."

"மேட்டாலைதான் வரும்."

"ஓம் அண்ணை."

சோதிலிங்கம் அகப்பையை எடுத்தார். முதல் தட்டு சட்டியில் பட்டும் படாமலும் போனது. அடுத்தது காடு முழுக்கக் கேட்டது. டொக், டொக், டொக். அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

"காதைத் திருப்புது," என்றது கைபேசி. "என்னைப் பாக்குது. அங்காலை பாக்குது." "போகுது பிள்ளை. நொண்டி நொண்டி மேட்டுப் பக்கம் போகுது."

"உள்ளை போங்கோ."

கதவு இழுபட்டது. பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகு மங்களேஸ்வரி அழுவது கேட்டது.

சோதிலிங்கத்தின் கை நின்றது. மனைவி கதவுக்கு உள்ளே. ஓநாய் இன்னும் மேட்டுச் சரிவுக்கு வரவில்லை. சத்தம் நின்றால் அது திரும்பிக் காட்டுக்குள் போய்விடும், இன்றைக்கு ஒன்றும் நடக்காது. அவர் கஜேந்தினியைப் பார்த்தார். அவள் மாடி விளக்குகளைப் பார்த்தாள்.

அந்த அமைதியில், கீழே மாடிப் பக்கமிருந்து, மிக மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. மங்களேஸ்வரியின் வீட்டிலிருந்து இல்லை. பக்கத்து வீட்டில் அபிஷா, கைக்குழந்தைக்காரி, வெரண்டாக் கதவைத் திறந்துவைத்தபடி சட்டியில் அகப்பையைத் தட்டினாள். டொக், டொக்.

சோதிலிங்கமும் கேட்டார்.

அவர் மறுபடி தட்டத் தொடங்கினார். இந்த முறை பலமாக, அந்தச் சத்தத்துக்கு இடமில்லாமல். முகத்தில் ஈரம் ஓடியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

வெடி ஒன்றுதான் கேட்டது. மரங்களிலிருந்து பனி சொரிந்தது. அதற்குப் பிறகும் அவர் கை தட்டிக்கொண்டே இருந்தது. டெனிஸ் மெதுவாக அந்தக் கையைப் பிடித்தான்.

கைபேசி இன்னும் அணையவில்லை.

"இஞ்சருங்கோ," என்று அதற்குள்ளிருந்து மங்களேஸ்வரி கூப்பிட்டார். "என்ன வெடிச்சத்தம்? நீங்கள் சுகமோ? அந்தப் பிராணிக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?"

சோதிலிங்கம் கஜேந்தினியின் கையிலிருந்து கைபேசியை வாங்கினார்.

"நான் சுகம். வாறன் மங்களம்," என்றார். "அடுப்பை நிப்பாட்டு."